தட்டில் வென்ற குளோரோகுயின்: வெரோ செல்லின் சவ்வுக் கணக்கு

2020 பிப்ரவரி 4 அன்று 'செல் ரிசர்ச்' இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. வூஹான் வைராலஜி நிறுவனத்தினரும் அவர்களோடு வேலை செய்த மற்ற சீன ஆய்வாளர்களும் எழுதியது. ஆய்வகத் தட்டில் வளர்த்த வெரோ இ6 என்ற குரங்குச் செல்களில், புதிய கொரோனா வைரஸ் மேல் ஏழு மருந்துகளைச் சோதித்திருந்தார்கள். ரெம்டெசிவிரும் குளோரோகுயினும் நன்றாக வேலை செய்தன. தொற்றைப் பாதியாகக் குறைக்கத் தேவையான செறிவு, ஆய்வக மொழியில் இசி50, ரெம்டெசிவிருக்கு 0.77 மைக்ரோமோலார், குளோரோகுயினுக்கு 1.13. செல் சாகாமல் இவ்வளவு குறைந்த அளவிலேயே வைரஸ் அடங்குகிறது என்றால் யாருக்கும் கை பரபரக்கும். அதுவும் குளோரோகுயின் மலேரியாவுக்குக் காலகாலமாகக் கொடுத்துவந்த மலிவு மாத்திரை.

அதன் உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயின் இன்னும் குறைந்த அளவிலேயே வேலை செய்கிறது என்று மார்ச்சில் இன்னொரு சீனக் குழு சொன்னது. பிரான்சின் மார்சேயிலிருந்து ஒரு சிறிய நோயாளி ஆய்வு வந்தது (அந்தக் கட்டுரை 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது). மார்ச் கடைசியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பு மருந்தாக இதைப் பரிந்துரைத்தது: முதல் நாள் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு வாரம் ஒரு 400, ஏழு வாரத்துக்கு. மார்ச் 28 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவசர அனுமதி கொடுத்தது. மருந்துக் கடைகளில் வாதநோய்க்காரர்களுக்கும் லூபஸ் நோயாளிகளுக்கும் வழக்கமான மாத்திரை கிடைக்காமல் போனது.

ஜூன் 5 அன்று, மருத்துவமனை நோயாளிகளிடம் பல மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்த பிரிட்டனின் ரெக்கவரி சோதனை இந்த மருந்துப் பிரிவை மூடியது. மருந்து பெற்ற 1,561 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 27.0 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25.0 சதவீதம். உதவவில்லை, அவ்வளவுதான். ஜூன் 15-ல் அமெரிக்கா அனுமதியைத் திரும்பப் பெற்றது.

சரி, பிப்ரவரிச் சோதனை தவறா? இல்லை. அதே செல்லில் அதே மருந்தைப் போட்ட பல ஆய்வகங்களுக்கு அதே மாதிரியான விடைதான் வந்தது. எண் சரி. அந்த எண் எந்தச் செல்லில் எடுக்கப்பட்டது, அந்தச் செல்லின் சவ்வில் எந்தப் புரதம் எவ்வளவு இருந்தது என்பதைத்தான் அவசரத்தில் யாரும் சேர்த்துப் படிக்கவில்லை. இந்த ஆய்வு அந்தச் சவ்வைப் பற்றியது.

வெரோ

1962 மார்ச் 27 அன்று ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யசுமுராவும் கவாகிதாவும் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார்கள். அதுதான் வெரோ. அதிலிருந்து 1968-ல் வெரோ 76 என்ற கிளையும், அதிலிருந்து 1979-ல் இ6 என்ற நகலும் வந்தன. வைராலஜி ஆய்வகத்தில் எந்த இன்குபேட்டரைத் திறந்தாலும் இந்தக் குடும்பத்தில் ஒருவர் இருப்பார்.

காரணம் எளிது. இந்தச் செல்லின் 12-ஆம் குரோமோசோமில் சுமார் 90 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு காணவில்லை. முதல் வகை இன்டர்ஃபெரான் மரபணுக்கள் அந்தத் துண்டோடு போய்விட்டன. வைரஸ் நுழைந்தால் எச்சரிக்கை மணி அடிக்க இதற்கு வழியில்லை. அதனால் பல வைரஸ்கள் இதில் செழிப்பாக வளரும். தடுப்பூசி செய்பவர்களுக்கும் இது வரம்: போலியோ, ரேபிஸ் தடுப்பூசிகள் இதில் தயாராகின்றன, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ரேபிஸ் தடுப்பூசியும் வெரோவில் வளர்த்ததுதான், பாரத் பயோடெக்கின் கோவாக்சினுக்கும் வைரஸ் வளர்ந்தது இதே செல்லில்தான்.

கொரோனா வைரஸ்களுக்கு வெரோ இ6 பிடித்துப்போனதற்கு இன்டர்ஃபெரான் மட்டும் காரணமல்ல. 2003-ல் முதல் சார்ஸ் வைரஸ் எந்தப் புரதத்தைப் பிடித்துச் செல்லுக்குள் போகிறது என்று பாஸ்டனில் மைக்கேல் ஃபர்சானின் குழு தேடியது. வைரஸின் மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தின் முன்பகுதியைத் தூண்டில் மாதிரி போட்டு, வெரோ இ6 செல்லின் சவ்விலிருந்து அதோடு ஒட்டி வந்ததைப் பிரித்து, துண்டுகளின் எடையை வைத்துப் புரதத்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்த்தார்கள். வந்தது ஏசிஇ2, ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டில் பங்குள்ள ஒரு நொதி. அந்த ஆண்டு நவம்பரில் முடிவு வெளியானது. இந்தச் செல்லின் சவ்வில் ஏசிஇ2 தாராளமாக இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தூண்டிலில் எதுவும் மாட்டியிருக்காது. எச்இகே293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்லில் போட்டிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். அதில் இயல்பாக இருக்கும் ஏசிஇ2 அவ்வளவு குறைவு. ஹீலா என்ற மனிதச் செல்லும் அப்படித்தான். 2020 பிப்ரவரியில் வூஹான் நிறுவனத்தின் ஷி செங்லியின் குழு புதிய வைரஸுக்கும் ஏசிஇ2தான் ஏற்பி, அதாவது வைரஸ் பிடித்து நுழையும் புரதம், என்று காட்டியபோது, ஹீலா செல்லில் மனிதன், வௌவால், புனுகுப்பூனை, பன்றி ஆகியவற்றின் ஏசிஇ2-வைத் தனித்தனியாக வெளியிலிருந்து சேர்த்த பிறகுதான் தொற்று ஏற்பட்டது. சேர்க்காத ஹீலாவில் வைரஸ் நுழையவே இல்லை.

ஆக, வெரோ இ6-ன் சவ்வில் ஏசிஇ2 நிறைய உண்டு. அந்த வரவு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பற்று வேறிடத்தில் இருந்தது.

முன்வாசலும் கொல்லைப்புறமும்

ஏசிஇ2-வைப் பிடித்தால் மட்டும் வைரஸ் உள்ளே போய்விடாது. ஸ்பைக் புரதத்தை ஒரு குறிப்பிட்ட இடத்தில் யாராவது வெட்ட வேண்டும். அப்போதுதான் அது விரிந்து வைரஸ் உறையையும் செல் சவ்வையும் இணைக்கும். வெட்டுவதற்கு இரண்டு ஆள் உண்டு, இரண்டு வாசல் மாதிரி.

முன்வாசலில் நிற்பது டிஎம்பிஆர்எஸ்எஸ்2. செல்லின் வெளிச் சவ்விலேயே பதிந்திருக்கும் புரதவெட்டி நொதி இது. நம் மூச்சுக்குழாய் செல்களிலும் நுரையீரல் செல்களிலும் இருக்கிறது. ஏசிஇ2-வைப் பிடித்த வைரஸை இது அங்கேயே வெட்டிவிடும். இணைவு மேற்பரப்பிலேயே முடிந்துவிடும்.

இது இல்லாத செல்லில் வைரஸ் கொல்லைப்புறம் வழியாகப் போகிறது. செல் அதை ஒரு சிறு பைக்குள் விழுங்கிக்கொள்ளும். அந்த எண்டோசோம் பை உள்ளே போகப் போக அமிலமாகும். அமிலத்தில் கத்தெப்சின் எல் என்ற வேறொரு நொதி விழித்துக்கொண்டு ஸ்பைக்கை வெட்டும். குளோரோகுயின் ஒரு காரப் பொருள். எண்டோசோமுக்குள் போய்த் தேங்கி அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். கத்தெப்சின் மந்தமாகும், வைரஸ் பைக்குள்ளேயே கிடக்கும்.

வெரோ இ6 செல்லில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 கிட்டத்தட்ட இல்லை. இந்த வழக்கின் முடிச்சு இதுதான். முன்வாசல் இல்லாத வீட்டில் கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, வீடு பத்திரம் என்று சொன்ன கதை.

கோட்டிங்கன் சோதனை

ஜெர்மனியின் கோட்டிங்கனில் உள்ள பிரைமேட் ஆய்வு மையத்தில் ஸ்டெஃபான் போல்மனின் குழு 2020 மார்ச் 5 அன்றே ஏசிஇ2, டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இரண்டையும் சேர்த்து வெளியிட்டுவிட்டது. காலு-3 என்பது மனித நுரையீரல் புற்றுநோயிலிருந்து வந்த செல் லைன், ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் பரம்பரை. அதில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 உண்டு. டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வைத் தடுக்கும் கேமோஸ்டாட் என்ற ஜப்பானிய மருந்து அதில் நுழைவை நன்றாகத் தடுத்தது. டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இல்லாத சாதாரண வெரோவில் கேமோஸ்டாட்டுக்கு வேலையில்லை. எண்டோசோம் அமிலத்தைக் கெடுக்கும் அம்மோனியம் குளோரைடையும் அந்தக் கட்டுரையில் சோதித்திருந்தார்கள். டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இருக்கும் செல்லில் அதன் வீரியம் குறைந்தது. குளோரோகுயினும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. யாராவது அந்த வரைபடத்தைப் பார்த்து இரண்டையும் முடிச்சுப் போட்டிருந்தால் மார்ச்சிலேயே சந்தேகம் வந்திருக்கும்.

நேரடியான பதில் 2020 ஜூலை 22 அன்று 'நேச்சர்' இதழில் வந்தது. சோதனை வடிவமைப்பின் அழகு அதன் எளிமையில் இருந்தது. மூன்று செல்: சாதாரண வெரோ, டிஎம்பிஆர்எஸ்எஸ்2 மட்டும் சேர்க்கப்பட்ட வெரோ, காலு-3. முதலாவதில் குளோரோகுயினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் பிப்ரவரியில் சொன்ன மாதிரியே நுழைவைத் தடுத்தன. இரண்டாவதில் தடுக்கும் திறன் குறைந்துவிட்டது. குரங்குச் செல், அதே சிறுநீரகம், அதே வளர்ப்பு ஊடகம். ஒரே ஒரு சவ்வுப் புரதம் கூடியதால் மருந்தின் விடை மாறிவிட்டது. காலு-3-ல் மருந்து வைரஸை நிறுத்தவில்லை. மனிதன், குரங்கு என்ற வேற்றுமையாலா, நுரையீரல், சிறுநீரகம் என்ற வேற்றுமையாலா என்ற வாதத்துக்கு அந்த நடு வரிசை இடமே வைக்கவில்லை. எனக்குப் பிடித்த கட்டுப்பாட்டுச் சோதனைகளில் இது ஒன்று.

அதே நாளில் அதே இதழில் ஒரு பிரெஞ்சுக் குழுவின் கட்டுரையும் வந்தது. வெரோ இ6-ல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் வேலை செய்தது. மனித மூச்சுக்குழாய் மேல்தோலை ஆய்வகத்தில் மறுபடி கட்டியெழுப்பிய மாதிரியில் செய்யவில்லை. மகாக் குரங்குகளில் தொற்றுக்கு முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் பயனில்லை. இங்கே ஒரு விஷயம்: மகாக்கும் குரங்குதான். ஆனால் அதன் மூச்சுக்குழாயில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இருக்கிறது.

ஒரே கட்டுரையில் தேறியதும் தோற்றதும்

பிப்ரவரிக் கட்டுரையில் ஏழு மருந்து என்றேன். குளோரோகுயின் பற்றி உலகமே பேசியது. அதே பட்டியலில் நாஃபமோஸ்டாட் என்ற பெயரும் இருந்தது. அதன் இசி50 22.5 மைக்ரோமோலார், அதாவது வீரியம் மிகக் குறைவு. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நாஃபமோஸ்டாட் டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வைத் தடுக்கும் மருந்து. தடுக்க வேண்டிய புரதமே இல்லாத செல்லில் அதைப் போட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. பிறகு ஜப்பானில் காலு-3 செல்லில் சோதித்தபோது சுமார் 10 நானோமோலார் செறிவே வைரஸைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது. இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். வேதிப்பொருள் அதே, வைரஸ் அதே.

ஆக அந்த ஒரு செல் லைன் ஒரே பட்டியலில் ஒரு மருந்தைப் பொய்யாகத் தேறவிட்டது, இன்னொன்றைப் பொய்யாகத் தோற்கவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒரே புரதம் இல்லாமை. இன்னொரு நுணுக்கமும் அந்தக் கட்டுரையில் இருந்தது: ரெம்டெசிவிரை மட்டும் மனிதக் கல்லீரல் புற்றுநோய் செல்லான ஹு-7-லும் சோதித்ததாகச் சொல்லியிருந்தார்கள். குளோரோகுயினுக்கு வெரோ இ6 மட்டும்தான்.

இதை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஊரே அடைபட்டுக் கிடக்க, உயர்பாதுகாப்பு ஆய்வகத்தில், கையில் புதிய வைரஸ். அப்போது எடுக்க வேண்டிய முதல் செல் வெரோதான். அந்த எண்ணை நேராக மருந்துச் சீட்டுக்குக் கொண்டுபோனவர்கள்தான் பழைய இதழ்களைப் புரட்டியிருக்க வேண்டும். சார்ஸ் வைரஸின் ஸ்பைக்கை டிஎம்பிஆர்எஸ்எஸ்2 வெட்டுகிறது என்று 2010, 2011-லேயே ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் காட்டியிருந்தன. 2005-ல் குளோரோகுயின் சார்ஸை வலுவாகத் தடுக்கிறது என்று வந்த கட்டுரை, 2020-ல் எல்லோரும் பகிர்ந்தது, அதுவும் வெரோ இ6-ல் செய்ததுதான்.

இந்த மருந்தின் ஜாதகமே அப்படித்தான். செல்லில் இன்ஃப்ளூயன்சாவைத் தடுத்தது. 2011-ல் வெளியான சிங்கப்பூர் சோதனையில் ஆட்களைக் காய்ச்சலிலிருந்து காக்கவில்லை. செல்லில் சிக்குன்குனியாவைத் தடுத்தது. 2006-ல் ரீயூனியன் தீவில் பெரும்பரவல் வந்தபோது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பயன் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் காரணம் இதே சவ்வுப் புரதம் என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது முறை வரும்போது கொஞ்சம் தயங்கியிருக்கலாம்.

அதிகமாக இருந்தால்

இதுவரை இல்லாத புரதத்தின் கதை. அதே வெரோ இ6-ல் வேறொரு சவ்வுப் புரதம் கூடுதலாக இருக்கிறது. அதன் பெயர் பி-கிளைகோபுரோட்டீன். 1976-ல் ஜூலியானோவும் லிங்கும் கோல்ச்சிசினுக்கு அசையாத வெள்ளெலிச் செல்களில் இதைக் கண்டார்கள். சவ்வில் நின்றுகொண்டு, உள்ளே நுழைந்த மருந்து மூலக்கூறுகளைப் பிடித்து வெளியே தள்ளும் பம்பு இது. சிறுநீரகம் கழிவை வெளியேற்றும் உறுப்பு. சிறுநீரகச் செல்லிலிருந்து வந்த லைனில் இந்தப் பம்பு தூக்கலாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஃபைசர் நிறுவனம் கொரோனா வைரஸின் முக்கியப் புரதவெட்டியைக் குறிவைத்து மருந்துகளை உருவாக்கியபோது இந்தப் பம்பு குறுக்கே வந்தது. வைரஸ் நொதியோடு சோதனைக்குழாயில் நேராகச் சேர்த்தால் மருந்து கச்சிதமாக வேலை செய்கிறது. வெரோவில் போட்டால் பலம் குறைவாகத் தெரிகிறது. உள்ளே போனதைப் பம்பு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். அதனால் வெரோ இ6-ல் நிர்மாட்ரெல்வியரைச் சோதிக்கும்போது பம்பை அடைக்கும் ஒரு சேர்மத்தையும் கூடவே போட்டார்கள். அப்போதுதான் உண்மையான வீரியம் தெரிந்தது. மூச்சுக்குழாய் செல்களில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அந்த மருந்துதான் பாக்ஸ்லோவிடின் முக்கியப் பகுதி. 2021 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது. பம்பைப் பற்றித் தெரியாத ஒரு குழு வெரோ எண்ணை மட்டும் வைத்து இதே மூலக்கூறைக் கிடப்பில் போட்டிருக்கக் கூடும்.

செயற்கையாக அதிகமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இதே தொற்றில் உண்டு. ஏசிஇ2 குறைவான எச்இகே293டி, ஹீலா, ஏ549 செல்களில் வெளியிலிருந்து ஏசிஇ2 மரபணுவைப் போட்டு வைரஸ் சோதனைக்குப் பயன்படுத்துவது 2020-ல் எல்லா ஆய்வகத்திலும் நடந்தது. வசதிதான். ஆனால் அப்படிச் சேர்த்தால் புரதம் இயல்பைவிடப் பல மடங்கு கூடும். 2003-ல் சார்ஸிலிருந்து மீண்ட ஒருவரிடமிருந்து கிடைத்த எஸ்309 என்ற எதிர்ப்பொருள், பின்னாளில் சோட்ரோவிமாப் என்ற மருந்தானது, வெரோ இ6-ல் வைரஸை முழுமையாகச் செயலிழக்கச் செய்தது. ஏசிஇ2-வை மிகையாகச் சேர்த்த செல்களில் அரைகுறையாகவே செய்தது. எந்தச் செல்லை நம்புவது?

2021-ல் வந்த விளக்கம் இது. எஸ்309 ஸ்பைக்கில் ஏசிஇ2 ஒட்டும் இடத்தைத் தொடாது, பக்கத்தில் ஒட்டும். சவ்வில் உள்ள, சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடிக்கும் லெக்டின் வகைப் புரதங்கள் வைரஸைப் பிடித்துக்கொடுப்பதால் தொற்று எளிதாவதையும் இந்த எதிர்ப்பொருள் கெடுக்கிறது. ஏசிஇ2 மலைபோல் குவிந்திருக்கும் செல்லில் லெக்டினின் உதவியே வைரஸுக்குத் தேவையில்லை. அதனால் எதிர்ப்பொருளின் அந்தப் பலன் காணாமல் போகிறது. வெள்ளெலிகளில் அது நன்றாகக் காப்பாற்றியது. இந்த முறை வெரோ உண்மைக்கு அருகில் இருந்தது, மனிதச் செல்கள் திசை தப்பின. மனிதச் செல் என்றாலே நம்பலாம் என்று எடுத்துக்கொள்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

புற்றுநோய் ஆய்வில் இது பழைய கதை. ஏ431 என்ற செல் லைனில் தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பி ஒரு செல்லுக்கு 20 லட்சத்துக்கும் மேல். வழக்கமான செல்லில் சில பத்தாயிரம்தான் இருக்கும். அந்த மிகுதியால்தான் ஸ்டான்லி கோஹன் போன்றவர்கள் ஏற்பியைப் பிரித்தெடுத்து அது டைரோசின் கைனேஸ் என்ற வகை நொதி என்று கண்டுபிடிக்க முடிந்தது. செட்டுக்ஸிமாப் மருந்தின் மூலமான 225 எதிர்ப்பொருளும் அந்தச் செல்லின் ஏற்பியை வைத்து உருவானதுதான். ஆனால் வளர்ச்சிக் காரணியை வழக்கமான அளவில் ஊற்றினால் ஏ431 வளர்வதை நிறுத்திவிடும்! பிரித்தெடுக்க அருமையான செல், இயல்பைப் பற்றிக் கேட்க மோசமான செல்.

வைரஸே மாறுவது

டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இல்லாததால் இன்னொரு விளைவும் உண்டு, கொஞ்சம் மெதுவாகத் தெரிவது. சார்ஸ்-கோவி-2-ன் ஸ்பைக்கில் ஃபியூரின் நொதி வெட்டும் ஓர் இடம் உண்டு. முன்வாசல் வழிக்கு அது உதவும். வெரோ இ6-ல் வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்தால் அந்த இடம் மாறிவிடுகிறது அல்லது மொத்தமாக அழிந்துவிடுகிறது. 2020-லேயே பல குழுக்கள் இதைப் பார்த்தன. கொல்லைப்புறமாக மட்டுமே போகும் வைரஸுக்கு அந்த இடம் தேவையில்லை, சுமைதான். காலு-3-லும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 சேர்த்த வெரோவிலும் அந்த இடம் அப்படியே நிற்கிறது. ஜப்பானியத் தேசியத் தொற்றுநோய் நிறுவனம் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 சேர்த்த வெரோ இ6 லைனை நோயாளி மாதிரிகளிலிருந்து வைரஸைப் பிரிக்கப் பரிந்துரைத்தது. அந்த லைன் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வெரோவில் பல தலைமுறை வளர்த்த வைரஸ் இருப்பை 'நோயாளியின் வைரஸ்' என்று எழுதும் கட்டுரைகளை இப்போது படிக்கும்போது, எத்தனை முறை புதிய செல்லுக்கு மாற்றி வளர்த்தார்கள் என்று சொல்லும் பாசேஜ் எண்ணைத்தான் முதலில் தேடுகிறேன்.

எப்படி எண்ணுவது

செல் லைனில் ஒரு சவ்வுப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பலரும் முதலில் போவது ஆர்என்ஏ தரவுக்கு, அதாவது புரதம் செய்யச் சொல்லி மரபணுவிலிருந்து வரும் நகல்களின் கணக்குக்கு. மனிதப் புரத அட்லஸ் மாதிரியான பொதுத் தளங்களில் நூற்றுக்கணக்கான மனிதச் செல் லைன்களுக்கு அது கிடைக்கும். தொடங்க நல்ல இடம், முடிக்க அல்ல. ஆர்என்ஏ இருந்தும் புரதம் சவ்வை எட்டாமல் உள்ளேயே கிடக்கலாம். எட்டியதும் வெட்டப்படலாம்: ஏசிஇ2-வை ஏடிஏஎம்17 என்ற நொதி சவ்விலிருந்து அறுத்து வெளியே விடும், டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வும் ஏசிஇ2-வை வெட்டும். மரபணு அதே, ஆர்என்ஏ அதே, மேற்பரப்பில் எண்ணிக்கை வேறு. தவிர, வெரோ குரங்குச் செல். மனிதத் தளத்தில் அது இருக்காது, மனிதப் புரதத்துக்கு எதிராகச் செய்த எதிர்ப்பொருள் அதில் ஒட்டும் என்ற உத்தரவாதமும் இல்லை.

மேற்பரப்பை நேராகப் பார்க்க, செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓட்டி அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி நல்லது. செல்லைத் துளையிடாமல் வெளியே இருப்பதை மட்டும் எதிர்ப்பொருளால் குறிக்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் சொதப்பல், செல்லைத் தட்டிலிருந்து பிரிக்க டிரிப்சின் போடுவது. டிரிப்சின் புரதவெட்டி. எண்ண வந்த புரதத்தையே அது மேய்ந்துவிட்டுப் போகும். ஈடிடிஏ மாதிரி மென்மையான முறை பாதுகாப்பு. எண்ணிக்கை வேண்டும் என்றால் அளவு தெரிந்த மணிகளைக் கூடவே ஓட்டி, ஒளியைச் செல்லுக்கு இத்தனை என்று மாற்றலாம்.

புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் வேறு தொல்லை. சவ்வை ஒரு தடவை மட்டும் கடக்கும் ஏசிஇ2 ஒழுங்காகவே ஓடும். பன்னிரண்டு தடவை கடக்கும் பி-கிளைகோபுரோட்டீனை வழக்கம்போல் 95 டிகிரியில் கொதிக்கவைத்தால் கட்டிதட்டி ஜெல்லின் கிணற்றிலேயே தங்கிவிடும்; பட்டையே தெரியாது. 'இந்தச் செல்லில் புரதம் இல்லை' என்று முடிவெழுதுவார்கள். கொதிக்கவைக்காமல், மிதமான சூட்டில் வைத்து ஓட்ட வேண்டும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியிலும் சவ்வுக்குள் புதைந்த பகுதிகள் நீரை வெறுப்பவை. டிரிப்சின் வெட்டக்கூடிய இடங்களும் அங்கே அரிது. அதனால் சவ்வுப் புரதங்கள் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிவது வழக்கம். எந்த முறையானாலும் அந்த மரபணுவை நீக்கிய செல் ஒன்றையும் புரதத்தை மிகையாகச் சேர்த்த செல் ஒன்றையும் பக்கத்தில் ஓட்டாமல் நான் ஒரு பட்டையையும் நம்ப மாட்டேன்.

சரியான சவ்வு, இருந்தும்

டிஎம்பிஆர்எஸ்எஸ்2 கணக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. 2021-ல் ஓர் அமெரிக்க-பிரெஞ்சுக் கூட்டுக் குழு, மறுபயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பல மருந்துகள் செல்லுக்குள் கொழுப்புத் தேக்கத்தை உண்டாக்கியே வைரஸைக் குறைக்கின்றன என்று காட்டியது. அது மருந்துச் செயலல்ல, நச்சுக் குறி. குளோரோகுயின் வகையும் அந்தக் கூட்டத்தில், நேர்மின்னோடு கொழுப்பில் ஒட்டும் மூலக்கூறுகளின் கூட்டத்தில், வருவதுதான்.

சவ்வுப் புரதங்கள் சரியாக இருந்த காலு-3-ல் பளிச்சென்று வேலை செய்த கேமோஸ்டாட் என்ன ஆனது? டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் மருத்துவமனையில் சேர்ந்த சுமார் 200 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்கு இதையும் மற்றவர்களுக்குப் போலி மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். குணமாகும் நேரம் குறையவில்லை. இந்த மருந்து ரத்தத்தில் மிக வேகமாகச் சிதையும் வகை. அதோடு, மருத்துவமனைக்கு வரும் கட்டத்தில் வைரஸ் நுழைவைத் தடுப்பது காலம் கடந்த வேலை. சரியான செல் லைன் ஒரு தவறான மருந்தை வடிகட்டும். ஒரு சரியான மருந்தைக் கையில் கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்து கணக்கைத் திருப்பிப் போட்டது. கேம்பிரிட்ஜில் ரவீந்திர குப்தாவின் குழுவும் வேறு சிலரும் காட்டியபடி, ஒமிக்ரானின் ஸ்பைக் டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வை முன்னவற்றைவிடக் குறைவாகவே பயன்படுத்துகிறது; எண்டோசோம் வழியை அதிகம் நாடுகிறது. டெல்டா செழித்த காலு-3-ல் அது மந்தமாக வளர்ந்தது. ஹாங்காங்கில் வெட்டியெடுத்த மனிதத் திசுக்களில் சோதித்தபோது மூச்சுக்கிளைக் குழாயில் வேகமாகவும் நுரையீரல் திசுவில் மெதுவாகவும் பெருகியது. 2020-ல் நம்பகமான செல் என்று தேர்ந்தெடுத்த காலு-3-ஐ வைத்து மட்டும் ஒமிக்ரானுக்கு மருந்து தேடியவர்கள், இந்த முறை முன்வாசலில் காவல் நின்றுகொண்டிருந்தார்கள்.